பழகிய யானை பாகனைத் தாக்குவது ஏன்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பெண் யானை இருக்கிறது. என் ஆறு வயது மகளுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். வெள்ளிக்கிழமைதோறும் பழம் கொடுத்து, தலையில் துதிக்கை வைத்து ஆசீர்வாதம் வாங்கிய பிறகுதான் வீட்டுக்கு வருவாள். 2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை தாக்கி, பாகனும் அவருடைய உறவினரும் இறந்துபோன செய்தியைப் படித்ததிலிருந்து எனக்குப் பயம் விடவில்லை. "யானை என்றால் ஒருநாள் மதம் பிடிக்கத்தான் செய்யும்" என்கிறார் என் கணவர். "யாரோ எப்போதோ செய்த கொடுமையை மனதில் வைத்துப் பழிவாங்கியிருக்கும்" என்கிறார் மாமியார். ஊசி போட்டால் மதம் வராது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பெண் யானைக்கும் மதம் பிடிக்குமா? தினமும் கவளம் ஊட்டுகிற பாகனையே அது ஏன் தாக்குகிறது? மகளை இனி அழைத்துப் போகலாமா?

ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

யானை மருத்துவத்தில் அனுபவம் உள்ள கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அது உங்களுக்குத் தேவைப்படும். மகளைக் கோயிலுக்கு அழைத்துப் போங்கள், யானையைக் காட்டுங்கள். ஆனால் துதிக்கை எட்டும் தூரத்தில் அவளை நிறுத்தாதீர்கள். கையால் பழம் ஊட்ட விடாதீர்கள். தலையில் துதிக்கை வைத்து ஆசீர்வாதம் வாங்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் ஊர் யானையின் குணத்தில் குறை கண்டு இதைச் சொல்லவில்லை. ஏறத்தாழ மூன்று டன் எடையுள்ள ஒரு விலங்கு எதையோ கண்டு திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினாலே போதும், அருகில் நிற்கும் குழந்தைக்குப் பலத்த அடிபடும். தாக்கும் எண்ணமே அதற்கு இல்லாமல்கூட இது நடக்கலாம்.

இனி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். பெண் யானைக்கு மதம் பிடிக்காது. மதம் என்பது வளர்ந்த ஆண் யானையின் உடலில் குறிப்பிட்ட காலத்தில் வந்து, சில வாரங்களோ சில மாதங்களோ இருந்து, தானாகவே வடிந்துவிடும் ஒரு நிலை. கண்ணுக்கும் காதுக்கும் இடையே தோலுக்கடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. மதம் நெருங்கும்போது அது வீங்கும். பிறகு அதிலிருந்து கருமையான, வாடை மிகுந்த நீர் கன்னத்தில் வழியும். சிறுநீர் சொட்டிக்கொண்டே இருப்பதால் பின்னங்கால்களின் உட்புறம் நனைந்திருக்கும். தீனி குறையும், பழகிய பாகனின் சொல்லைக் காதில் வாங்காது. இதையெல்லாம் நம் மக்கள் மிகப் பழங்காலத்திலேயே கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். கடாம் என்ற பெயரில் சங்கப் பாடல்களில் அந்த மதநீர் எத்தனையோ இடங்களில் வழிகிறது. ஆசியப் பெண் யானைகளின் கன்னத்திலும் அரிதாகச் சிறு கசிவு தெரியலாம். அதை மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பெண் யானைக்குச் சினைப்பருவச் சுழற்சி உண்டு, ஒரு சுற்று முடியப் பதினான்கு முதல் பதினாறு வாரங்கள் ஆகும். அதுவும் மதத்தைப் போன்றதல்ல.

மதத்தின்போது இரத்தத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெளிவாக அளந்து காட்டிய ஆய்வு நமக்குப் பக்கத்தில், இலங்கை யானைகளிடம் நடந்தது. ஜைனுதீனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1972-இல் வெளியிட்ட அளவுகள் இன்றும் யானை மருத்துவர்களுக்குப் பாடம். மதம் இல்லாத ஆண் யானையின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை ஹார்மோன் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றரை நானோகிராமைக்கூடத் தொடவில்லை. மதம் தொடங்கும்போதும் வடியும்போதும் அது நடுத்தர அளவில் இருந்தது. முழு மதத்தில் ஏறத்தாழ 30 முதல் 65 நானோகிராம் வரை போனது. ஓர் உடலுக்குள் ஒரு ஹார்மோன் இப்படிப் பல பத்து மடங்கு ஏறி இறங்குகிறது.

இவ்வளவு பெரிய ஏற்றத்தை இயற்கை எதற்காக வைத்திருக்கிறது? மனிதனைக் கொல்வதற்காக அல்ல. காட்டில் மதம் கொண்ட ஆண் யானை நெடுந்தூரம் நடக்கிறது, பருவத்திலுள்ள பெண் யானைகளைத் தேடுகிறது, வழியில் எதிர்ப்படும் மற்ற ஆண்களுக்குத் தன் நிலையை வாடையாலும் நடையாலும் அறிவிக்கிறது. கென்யாவின் அம்போசெலியில் ஜாய்ஸ் பூல் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் பார்த்து எழுதிய செய்தி முக்கியமானது. மதத்திலிருக்கும் யானையைக் கண்டால், அதைவிட உருவத்தில் பெரிய யானைகூட, தனக்கு மதம் இல்லாத நேரமாக இருந்தால் பெரும்பாலும் விலகிப் போய்விடுகிறது. மோதினால் தந்தம் உடையலாம், உயிரும் போகலாம் என்பது இரண்டுக்கும் தெரியும். மதநீரின் வாடை பெரும்பாலான சண்டைகளைத் தொடங்கும் முன்பே முடித்துவைக்கிறது. பெண் யானைகளிடமும் குட்டிகளிடமும் மதயானை பெரும்பாலும் நிதானமாகவே நடந்துகொள்கிறது.

தென்னாப்பிரிக்காவின் பிலனஸ்பெர்க் பூங்காவில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். குரூகர் தேசியப் பூங்காவில் யானைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக மந்தைகளைச் சுட்டுக் கொன்றபோது, மிஞ்சிய குட்டிகளை வண்டியில் ஏற்றிப் பிலனஸ்பெர்க்குக்குக் கொண்டுபோனார்கள். பெரிய ஆண் யானை ஒன்றுகூட இல்லாத இடத்தில் அவை வளர்ந்தன. ஆப்பிரிக்க யானைக்கு வழக்கமாக இருபத்தைந்து, முப்பது வயதில் வரவேண்டிய மதம், அங்கிருந்த இளம் ஆண்களுக்குப் பதினெட்டு வயதிலேயே வந்தது, மாதக்கணக்கில் நீடித்தது. 1992-க்கும் 1997-க்கும் இடையில் அவை நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் குரூகரிலிருந்து மூத்த ஆண் யானைகள் ஆறைக் கொண்டுவந்து விட்டார்கள். இளையவற்றின் மதக்காலம் சுருங்கியது. காண்டாமிருகங்கள் சாவது நின்றது.

ஊசி, மருந்து, அறுவை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. மூத்த ஆண்கள் கூட இருந்ததே இளையவற்றின் ஹார்மோன் ஓட்டத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. யானையின் மூர்க்கத்தைப் பற்றிப் பேச வருகிற எவரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அது யாருடன் வாழ்கிறது என்பதுதான்.

ஊசி பற்றிப் பக்கத்து வீட்டில் சொன்னதில் பாதி உண்மை உண்டு. மூளையிலிருந்து விந்தகத்துக்குப் போகும் ஹார்மோன் கட்டளையைத் தடுத்து மதத்தைத் தள்ளிப்போடும் ஊசிகள் இருக்கின்றன. அவை ஆண் யானைக்கானவை. காளைக்குக் காயடிப்பது போல யானைக்குச் செய்துவிடலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். யானையின் விந்தகங்கள் வெளியே தொங்குவதில்லை, வயிற்றுக்குள்ளே சிறுநீரகத்துக்கு அருகில் இருக்கின்றன. அதனால் அது மிகப் பெரிய அறுவை சிகிச்சையாகிவிடும். எப்படியானாலும் உங்கள் ஊர்க் கேள்விக்கு இவை எவையும் பொருந்தா. கேரளத்துத் திருவிழாக்களில் கொம்பன்களைத்தான் பெரும்பாலும் நிறுத்துகிறார்கள், அங்கே மதம் உண்மையான ஆபத்து. நம் தமிழகக் கோயில்களில் இருப்பவை பெரும்பாலும் பெண் யானைகள். அப்படியிருந்தும் ஒரு விபத்து நடந்தால் மதம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் கலைந்துபோகிறார்கள். அந்தச் சொல்லோடு விசாரணை முடிந்துவிடுவதுதான் எனக்குப் பெரும் வருத்தம். காலில் புண் இருந்ததா, நீர் போதுமான அளவு கிடைத்ததா, முந்தைய இரவு உறங்கியதா, அருகில் யார் நின்றார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் பெண் யானை எதனால் தாக்குகிறது? அதற்கு மூளைக்குள் சற்றுப் போகவேண்டும். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வால்டர் ஹெஸ் என்ற உடலியல் அறிஞர், விழித்திருக்கும் பூனைகளின் மூளைக்குள் மிக மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதியைத் தூண்டினார். அதுவரை சாதுவாக இருந்த பூனை முதுகை வளைத்து, மயிர் சிலிர்த்து, சீறிப் பாய்ந்தது. மின்சாரத்தை நிறுத்தியதும் அமைதியானது. 1949-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறகு 1960-களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃப்ளின் குழு இன்னொன்றைக் கண்டது. அதே ஹைப்போதலாமஸில் வேறோர் இடத்தைத் தூண்டினால் பூனை சீறவே இல்லை. ஓசையின்றிப் பதுங்கிப் போய் எலியின் கழுத்தைக் கவ்வியது. சீறுகிற பூனையின் தாக்குதலும் வேட்டையாடுகிற பூனையின் தாக்குதலும் மூளையில் வெவ்வேறு பாதைகளில் ஓடுகின்றன. கோபம் முதல் வகையில்தான் இருக்கிறது. வேட்டையில் அது இல்லை.

யானை வேட்டையாடுவதில்லை. புல்லும் தழையும் மரப்பட்டையும் தின்று வாழும் விலங்கு அது. ஆகவே பெண் யானையின் தாக்குதல்கள் ஏறக்குறைய எல்லாமே முதல் வகையைச் சேர்ந்தவை. அச்சத்தில் வருவது, வலியில் வருவது, குட்டியைக் காக்க வருவது, நெருக்கித் தொந்தரவு செய்வதை விலக்க வருவது. வால்பாறை, கூடலூர்ப் பக்கத்து மக்களைக் கேளுங்கள், குட்டியோடு நிற்கும் பெண் யானையின் அருகில் போகவே கூடாது என்பார்கள். அதன் நோக்கம் ஒன்றே ஒன்று, எதிரே இருப்பது விலகிப் போகவேண்டும். காட்டில் நாம் விலகிவிடலாம். சங்கிலி கட்டிய இடத்தில் யானையாலும் விலக முடியாது, சூழ்ந்து நிற்கும் கூட்டமும் விலகுவதில்லை.

வலியை மட்டும் தனியாக எடுத்துக்கொள்கிறேன். கோயில் யானைகளில் நாங்கள் மிக அதிகமாகப் பார்ப்பதும், பக்தர்கள் கண்ணில் படாததும் இதுதான். 1962-இல் உல்ரிக், அஸ்ரின் என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டு எலிகளை ஒரு கூண்டில் விட்டு, கால்களுக்கடியில் இருந்த கம்பிகளில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அதுவரை ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் இருந்த எலிகள் வலித்த நொடியில் நிமிர்ந்து நின்று சண்டையிட்டன. வலிக்குக் காரணம் கம்பி. அடி விழுந்தது பக்கத்தில் நின்ற எலிமேல். வலியில் இருக்கும் விலங்கு குற்றவாளியைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை, கைக்கு எட்டுவதைத் தாக்குகிறது. காட்டு யானையின் பாதம் மண்ணிலும் சேற்றிலும் தழையிலும் நடப்பதற்காக அமைந்தது. கருங்கல் தரையிலும் சிமெண்ட் தரையிலும் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும்போது உள்ளங்கால் தேய்கிறது, நகம் வெடிக்கிறது, வெடிப்பில் சீழ் கோக்கிறது, மூட்டுகள் இறுகுகின்றன. அந்தக் கால்களோடு திருவிழா நாளில் அது மணிக்கணக்கில் நிற்கிறது. அப்போது ஒருவர் பின்னாலிருந்து வந்து காலைத் தொட்டு வணங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீடித்த மன அழுத்தம் அடுத்தது. யானை பதறும்போது அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. எலிகளில் இதற்கு இணையான ஹார்மோனை வைத்து நெதர்லாந்து, ஹங்கேரி ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட முடிவு என்னைப் போன்றவர்களின் வேலை முறையையே மாற்றியது. ஹைப்போதலாமஸின் தாக்குதல் பகுதியைத் தூண்டினால் அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. அழுத்த ஹார்மோனை ஏற்றினால், முன்பைவிடச் சிறிய தூண்டலுக்கே தாக்குதல் கிளம்புகிறது. ஒன்று மற்றொன்றை ஏற்றிவிடுகிறது. பதற்றத்தில் இருக்கும் விலங்கை அதட்டினாலும் அடித்தாலும் இன்னும் எளிதில் பாயும் நிலைக்குத்தான் அது தள்ளப்படும். அமைதிப்படுத்த வேண்டுமானால் கூட்டத்தை விலக்கி, ஓசையைக் குறைத்து, நீர் காட்டி, நேரம் கொடுக்கவேண்டும்.

இப்போது ஒரு பெண் யானை இயல்பாக எப்படி வாழவேண்டும் என்று பாருங்கள். பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை தாய், பாட்டி, சித்தி, தங்கை என்று பெண்கள் சூழ்ந்த மந்தையில் அது இருக்கும். ஆண் குட்டிதான் வளர்ந்ததும் பிரிந்து போகும், பெண் போகாது. அவை ஒன்றையொன்று துதிக்கையால் தொட்டுக்கொண்டே இருக்கும். நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஓசையில் தூரத்திலிருந்தே பேசிக்கொள்ளும். 1984-இல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளுக்கு அருகில் நின்றபோது காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். அந்த உரையாடலை அறிவியல் அறிந்தது அங்கிருந்துதான். சிறு வயதிலேயே மந்தையிலிருந்து பிரிக்கப்பட்டு, தனியாக ஒரு கொட்டிலில் நிற்கும் யானைக்கு அந்தப் பேச்சைப் பேச எதிரே யாருமில்லை. பிலனஸ்பெர்க்கில் குட்டிகளாக வந்தவற்றை 2013-இல் மீண்டும் ஆராய்ந்தபோது, பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும், அந்நிய யானையின் குரலுக்கும் அறிந்த யானையின் குரலுக்கும் வேறுபாடு காட்டத் தெரியாமல் அவை திணறியது தெரியவந்தது. குட்டிப் பருவத்து இழப்பு அவ்வளவு ஆழமாகப் பதிகிறது.

உங்கள் ஊர் யானை நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் அசைந்து, தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். நாதஸ்வரத்துக்கு ஆடுகிறது, மகிழ்ச்சியாக இருக்கிறது என்று பலரும் படம் பிடித்துப் போடுகிறார்கள். வேறெதுவும் செய்ய வழியில்லாத விலங்கு திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு அது. முதுமலை, ஆனைமலை முகாம் யானைகளிடம் நாங்கள் அதை மிகக் குறைவாகத்தான் பார்க்கிறோம். அங்கும் சங்கிலி உண்டு, வேலை உண்டு. ஆனால் பக்கத்தில் வேறு யானைகள் இருக்கின்றன, குளிக்க ஆறு இருக்கிறது, காட்டுக்குள் மேய விடும் வழக்கம் இருக்கிறது. முகாம் பெண் யானைகள் காட்டுக் கொம்பன்களோடு சேர்ந்து குட்டி ஈன்ற வரலாறும் அங்கே உண்டு. குறும்பர், இருளர், மலசர் குடும்பங்களில் யானை அறிவு தலைமுறையாக வருகிறது. 2003 முதல் கோயில் யானைகளுக்கு நடத்தப்பட்ட புத்துணர்வு முகாம்களும் இந்தத் தேவையை உணர்ந்து தொடங்கப்பட்டவையே. முகாமுக்கு வந்த யானைகள் ஒன்றையொன்று தேடிப் போய்த் துதிக்கை நீட்டுவதைப் பார்த்த எவருக்கும் அவற்றின் பசி வெறும் வயிற்றுப் பசி அல்ல என்பது புரிந்திருக்கும்.

பாகனையே ஏன்? அவர்தான் எப்போதும் அருகில் இருக்கிறார் என்பது முதல் காரணம். எந்தக் காரணத்தால் யானை வெடித்தாலும் எட்டும் தூரத்தில் இருப்பவர் பாகனோ, காவடி எனப்படும் அவருடைய உதவியாளரோதான். மற்றொருவரைக் காப்பாற்ற முதலில் உள்ளே ஓடுகிறவரும் பாகனே. எத்தனையோ பாகன்கள் தம் பிள்ளைகளைவிட யானையோடு அதிக நேரம் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வாரவிடுமுறை கிடையாது, சம்பளம் குறைவு. ஒரு யானைக்கு ஒரே பாகன் என்று விட்டால், அவர் காய்ச்சலில் படுத்த நாளில் யானையின் மனம் அறிந்தவர் யாரும் அங்கே இருப்பதில்லை. இறந்த பாகன்மேல் பழி போடும் பேச்சு ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எழுகிறது. தயவுசெய்து அதில் சேராதீர்கள்.

இரண்டாவது காரணம் பயிற்சி முறையில் இருக்கிறது. யானை பாய்வதற்கு முன் பல முறை சொல்லிவிடுகிறது. காதை விறைப்பாக விரித்து நிற்கும். தின்றுகொண்டிருந்ததைச் சட்டென்று நிறுத்தும். துதிக்கையை உள்பக்கம் சுருட்டிக்கொள்ளும். மண்ணை வாரி வீசும், தலையை உதறும், பக்கவாட்டில் மெல்ல இடித்துத் தள்ளும். இந்தச் சிறு எச்சரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் அங்குசத்தால் அடி விழுந்தால் யானை என்ன கற்றுக்கொள்ளும்? எச்சரிப்பது ஆபத்து என்று கற்றுக்கொள்ளும். பயமும் வலியும் அப்படியே உள்ளே இருக்க, அடையாளங்கள் மட்டும் மறையும். பிறகொரு நாள் முன்னறிவிப்பே இல்லாமல் பெரிய தாக்குதல் வரும். ஊரார் அதைத் திடீரென்று நடந்ததாகச் சொல்வார்கள். அங்குசத்தைத் தொடுகைக் குறிப்பாகப் பயன்படுத்தும் நல்ல பாகன்கள் யானை சின்னதாக முறைத்தால் அடிப்பதில்லை, கூட்டத்தைத்தான் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும் பாகனைக் கண்டால் அவர் பேச்சைக் கேளுங்கள். கடுமையாகப் பேசுகிறார் என்று கோயில் அலுவலகத்தில் புகார் செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மாமியார் சொன்னதில் மதிக்கவேண்டிய ஓர் உண்மை இருக்கிறது. யானையின் நினைவு நீண்டது, குறிப்பாக வாடை நினைவு. அம்போசெலியில் 2007-இல் நடந்த ஓர் ஆய்வில், யானைகளை ஈட்டியால் வேட்டையாடும் மசாய் இளைஞர்கள் உடுத்திய துணியையும், யானைகளுக்குத் தொல்லை தராத கம்பா இனத்தவர் உடுத்திய துணியையும் யானைகள் வரும் வழியில் வைத்தார்கள். ஆட்களே இல்லாத இடத்தில், துணியின் வாடையை வைத்தே யானைகள் வேறுபாடு கண்டன. மசாய் துணியின் வாடை பட்டதும் வேகமாக, நெடுந்தூரம் விலகி ஓடின. ஆகவே தன்னை அடித்த ஒருவரின் வாடை, அல்லது அதைப் போன்ற வேறொரு வாடை, பழைய அச்சத்தை யானையிடம் எழுப்பக்கூடும். மூளையில் அமிக்டலா என்ற பகுதி அச்ச நினைவுகளைப் பதிந்துவைக்கிறது, கண நேரத்தில் உடலை ஆயத்தப்படுத்துகிறது. இதைத் திட்டமிட்டுக் காத்திருந்து தீர்த்துக்கொள்ளும் பகை என்று நான் கருதவில்லை. அன்று பட்ட வலியின் அச்சம் இன்று மீண்டும் எழுகிறது என்று மாமியாரிடம் சொல்லுங்கள். யானையைக் கொடுமைப்படுத்தக்கூடாது என்ற அவருடைய முடிவு எப்படியும் சரியானதுதான்.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. யானை முன் நிற்கும்போது அதன் பக்கவாட்டில், அது உங்களைப் பார்க்கும்படி, துதிக்கை நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தள்ளி நில்லுங்கள். பின்பக்கம் போகவே வேண்டாம். அதற்கும் சுவருக்கும் இடையில், அதற்கும் கூட்டத்துக்கும் இடையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கைபேசியை நீட்டிப் படமெடுக்க அருகில் போகாதீர்கள், முகத்துக்கு நேரே ஃபிளாஷ் வேண்டாம். மேலே நான் சொன்ன அடையாளங்களில் ஒன்றைக் கண்டால், ஓடாமல், மகளைத் தூக்கிக்கொண்டு அமைதியாக விலகுங்கள். வெடி வெடிக்கும் நாளிலும், தவில் முழங்க ஊர்வலம் போகும் நேரத்திலும் யானையை நெருங்கவே வேண்டாம். பழம் கொடுக்க விரும்பினால் பாகனிடம் கொடுத்து, தட்டிலோ தொட்டியிலோ வைக்கச் சொல்லுங்கள். கையால் ஊட்டுபவர்கள் பெருகப் பெருக, ஒவ்வொரு கையிலும் பழம் இருக்கும் என்று யானை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. வெறுங்கையை நீட்டும் குழந்தையிடம் அது எரிச்சலடையலாம்.

இன்னொன்றும் செய்யுங்கள். கோயில் செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழ்நாட்டில் வளர்ப்பு யானைகளின் பராமரிப்புக்கென்று 2011-இல் வகுக்கப்பட்ட விதிகள் இருக்கின்றன, ஆகவே நீங்கள் கேட்பது அதிகப்பிரசங்கம் ஆகாது. கால்நடை மருத்துவர் கடைசியாக எப்போது கால்களைச் சோதித்தார் என்று கேளுங்கள். யானை நாள்தோறும் எவ்வளவு தூரம் நடக்கிறது, கொட்டிலில் மண் தரை இருக்கிறதா, இரவில் படுத்து உறங்குகிறதா, இரண்டாவது பாகன் உண்டா, திருவிழா நாள்களில் ஓய்வு நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். யானையைச் சுற்றித் தடுப்புக் கம்பி போட்டு, ஆசீர்வாதம் வாங்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். உங்களைப் போன்ற பத்துத் தாய்மார்கள் கையெழுத்திட்டால் அந்தக் கடிதம் மேசையில் தூங்காது. யானைக்கு மதம் வராமல் ஊசி போடச் சொல்லி மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மகளிடம் யானை கெட்டது என்று சொல்லவேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். யானைக்குக் கால் வலிக்கும், சத்தம் பிடிக்காது, யாராவது நெருங்கி வந்தால் அதற்குப் பயமாக இருக்கும் என்று சொல்லுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு இது நன்றாகவே புரியும். அடுத்த முறை போகும்போது அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். யானை காதை எப்படி வைத்திருக்கிறது, எந்தக் காலில் பாரத்தைக் குறைத்து நிற்கிறது, தின்கிறதா, தின்பதை நிறுத்துகிறதா என்று தூரத்திலிருந்து பார்த்து உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு காலை ஊன்றாமலே யானை நிற்கிறது என்று அவள் சொன்னால், அன்றே பாகனிடமும் அலுவலகத்திலும் தெரிவித்துவிடுங்கள்.